அடக்கும் கலங்கள் இவ்வளவு குறைவு, பிறகு ஹிப்போகம்பஸ் எப்படிக் கட்டுக்குள் நிற்கிறது?

உவர்மலை_ரீச்சர் எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நரம்புத் தொகுதிப் பாடத்தில் சினாப்ஸ் (இரண்டு நரம்புக் கலங்கள் சந்திக்கும் இடம்) வரும் பகுதியில், தூண்டும் கலம் குளூட்டமேற் என்ற இரசாயனத்தை விடும், அது அடுத்த கலத்தைக் கணத்தாக்கம் (கலம் விடும் மின்துடிப்பு) பிறக்கும் எல்லைக்குக் கிட்டக் கொண்டுபோகும், அடக்கும் கலம் காபா என்ற இரசாயனத்தை விடும், அது எட்ட இழுக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்த முறை ஒரு பிள்ளை, மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகம்பஸ் பகுதியைப் பற்றி எங்கோ வாசித்துவிட்டு வந்து கேட்ட கேள்வி அப்படி விட்டுவிடக் கூடியதாக இல்லை.

ஹிப்போகம்பஸின் சிஏ1 பகுதியில் 85 முதல் 90 சதவீதம் வரை தூண்டும் பிரமிட் கலங்கள், மிச்சம்தான் அடக்கும் கலங்கள். அதன் இன்னொரு பகுதியான சிஏ3 இல் பிரமிட் கலங்கள் ஒன்றையொன்று வேறு தூண்டிக்கொள்கின்றன. அப்படியென்றால் ஒரு கலம் கணத்தாக்கம் விட, அது பத்தைத் தூண்ட, பத்து நூறைத் தூண்ட, கொஞ்ச நேரத்தில் எல்லாமே ஒன்றாக வெடிக்க வேண்டுமே, ஏன் வெடிப்பதில்லை, இவ்வளவு சிறிய கூட்டம் எப்படி அவ்வளவு பெரிய கூட்டத்தைப் பிடித்து வைக்கிறது என்று கேட்டாள். அதோடு விடவில்லை. அடக்குவது என்றால் குறைப்பதுதானே, பிறகு ஏன் அடக்கும் கலங்கள் இல்லாவிட்டால் மூளையில் தாளமே இருக்காது என்று எழுதுகிறார்கள் என்றும் கேட்டாள்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பிள்ளைக்கு முழுதாக விளங்கப்படுத்த ஆசை. இந்தத் துறையில் இருப்பவர்கள் எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, வாசிப்பேன்.

---

சாம்பல்தீவுப்_பெடியன் எழுதியது:

ரீச்சர், நான் ஊரைவிட்டு வந்து செய்யும் ஆய்வே இதில்தான், அதனால் நீளமாகத்தான் வரும்.

முதலில் எண்ணிக்கை. கலங்களின் தலைகளை எண்ணினால் அடக்கும் பக்கம் சிறிது, சரி. ஆனால் அடக்கும் கலங்களில் ஒரு வகையான கூடைக் கலத்தை எடுங்கள், அதன் அக்சன் (சேதியை வெளியே கொண்டுபோகும் இழை) பிரமிட் கலங்களின் உடல்களைச் சுற்றிக் கூடை போலப் பின்னியிருக்கும், எலியின் சிஏ1 இல் அப்படி ஒரே கூடைக் கலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரமிட் கலங்களைத் தொடுகிறது. அடுத்தது, எங்கே தொடுகிறது என்பது. எலியின் சிஏ1 பிரமிட் கலம் ஒன்றில் சுமார் 30,000 தூண்டும் சினாப்ஸ்களும் வெறும் 1,700 அளவில் அடக்கும் சினாப்ஸ்களும் இருப்பதாக 2001 இல் எண்ணியிருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த 30,000 உம் சேதி வாங்கும் டென்ட்ரைட் கிளைகளில், பெரும்பாலும் எட்ட எட்ட, சிதறிக் கிடக்கின்றன. கல உடலிலும் அக்சன் தொடங்கும் இடத்திலும் கிட்டத்தட்ட அடக்கும் சினாப்ஸ்கள் மட்டும்தான். கணத்தாக்கம் பிறப்பது அக்சன் தொடங்கும் இடத்தில். வாசலிலேயே அவை உட்கார்ந்திருக்கின்றன.

காபா கலத்தை எட்ட இழுக்கும் என்று பாடத்தில் வருவதும் பாதிக் கதைதான். காபா-ஏ ஏற்பி, அதாவது கலத்தில் காபா ஒட்டும் புரதம், குளோரைட்டு அயன் போகும் வழி. வளர்ந்த கலத்தில் குளோரைட்டின் சமநிலை அழுத்தம் மறை 70 மில்லிவோல்ற்றுக்குக் கிட்ட, கலத்தின் ஓய்வு அழுத்தமும் ஏறக்குறைய அங்கேதான். அதனால் பல நேரம் காபா வந்தாலும் அழுத்தம் பெரிதாக அசைவதில்லை. ஆனால் மென்சவ்வில் வழி திறந்துவிட்டது, டென்ட்ரைட்டிலிருந்து ஓடிவரும் தூண்டும் மின்னோட்டம் அந்த வழியால் கசிந்து போய்விடும், வாசலுக்கு வந்து சேரும்போது வலு இருக்காது. கலம் அசையாமல் இருக்கிறது என்பதை வைத்து அங்கே அடக்கல் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

இனி நேரம். உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

சிஏ3 இலிருந்து வரும் அக்சன்கள் சிஏ1 பிரமிட் கலத்தை மட்டும் தூண்டுவதில்லை, பக்கத்தில் நிற்கும் அடக்கும் கலங்களையும் அதே வேளையில் தூண்டுகின்றன. ஆகவே பிரமிட் கலத்துக்கு முதலில் தூண்டல் வருகிறது, ஓரிரு மில்லிசெக்கன் பிந்தி, இன்னொரு கலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு, அடக்கல் வந்து மூடிவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் சேர்ந்து வந்த தூண்டல்கள் மட்டுமே ஒன்றாகக் கூடி எல்லையைத் தாண்ட முடியும், கொஞ்சம் பிந்தி வந்தது வீண். பூய், ஸ்கன்சியானி இருவரும் 2001 இல் எலி ஹிப்போகம்பஸில் இதை அளந்து காட்டினார்கள். அடக்கல் இருக்கும்போது இரண்டு உள்ளீடுகள் ஏறக்குறைய 2 மில்லிசெக்கனுக்குள் வந்தால்தான் சேர்ந்து வேலை செய்தன, காபாவை மருந்தால் தடுத்ததும் அந்தச் சாளரம் பல மடங்கு அகன்றுவிட்டது. அப்போது கலம் எப்போது வேண்டுமானாலும் கணத்தாக்கம் விடும், ஆனால் அந்தக் கணத்தாக்கம் எந்த நேரத்துச் சேதியைச் சொல்கிறது என்று எதிரில் இருக்கும் கலத்துக்குத் தெரியாது.

இது முன்னோக்கிய அடக்கல். பின்னோக்கியதும் உண்டு: பிரமிட் கலங்கள் கணத்தாக்கம் விட்டதும் அதே கூடைக் கலங்களைத் தூண்டுகின்றன, அவை திரும்பி எல்லாப் பிரமிட் கலங்களையும் ஒன்றாக அமர்த்துகின்றன, காபாவின் விளைவு சில மில்லிசெக்கன்களில் தேய்ந்து முடிந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் விடுபடுகின்றன, அதிகமாகத் தூண்டப்பட்டவை முந்திக்கொண்டு கணத்தாக்கம் விடுகின்றன, திரும்பவும் கூடைக் கலங்கள். செக்கனுக்கு 30 முதல் 80 தடவை வரும் காமா தாளம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அம்பா பாடி இழுக்கும்போது ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் எல்லோரும் ஒன்றாகக் கையை நிறுத்துகிறார்களே, அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் ஆளுக்கொரு நேரம் இழுப்பார்கள், வலை நகராது. நரம்பு வலையமைப்பில் அந்த நிறுத்தத்தை வைத்துக் கொடுப்பவை கூடைக் கலங்கள். இது வெறும் ஊகம் இல்லை, ஒரே ஒரு அடக்கும் கலத்தைத் தூண்டி அதனோடு இணைந்த பிரமிட் கலங்களை ஒரே தாளத்தில் கட்ட முடியும் என்று 1995 இலேயே எலி மூளைத் துண்டுகளில் காட்டிவிட்டார்கள்.

சிஏ3 பற்றி அவள் பயந்தது நியாயமான பயம். எலியின் சிஏ3 பிரமிட் கலம் ஒன்றுக்கு மற்ற சிஏ3 கலங்களிலிருந்து மட்டும் சுமார் 12,000 இணைப்புகள் வருகின்றன. காபாவைத் தடுக்கும் பிக்ரோடொக்சினையோ பைக்குகுலினையோ அந்த மூளைத் துண்டின் மேல் விட்டால் அவள் சொன்ன வெடிப்பு அப்படியே நடக்கும், எல்லாக் கலங்களும் ஒன்றாக. வலிப்பு ஆய்வில் அந்தச் சோதனை பல பத்தாண்டுகளாகச் செய்யப்படுகிறது.

---

உவர்மலை_ரீச்சர் எழுதியது:

தம்பி, மிகவும் நன்றி. அந்த 2 மில்லிசெக்கன் விடயம் எனக்கே புதிது, இன்றிரவு குறிப்பாக எழுதி வைக்கப்போகிறேன். ஒன்று மட்டும். நீங்கள் கூடைக் கலத்தைப் பற்றியே சொல்கிறீர்கள், டென்ட்ரைட்டில் போய்ச் சேரும் அடக்கும் கலங்களும் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு வேலை வேறா? அப்புறம் அடக்கும் கலத்தை அடக்குவது யார்?

---

சாம்பல்தீவுப்_பெடியன் எழுதியது:

வேலை வேறுதான் ரீச்சர். சிஏ1 இல் மட்டும் 20 க்கும் மேற்பட்ட வகை அடக்கும் கலங்களைப் பிரித்திருக்கிறார்கள், பிரமிட் கலத்தில் அவ்வளவு வகை இல்லை. ஒக்ஸ்போர்ட்டில் பீட்டர் ஷோமோஜியின் குழு இதற்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அவர்கள் கண்ட அழகான விடயம், ஹிப்போகம்பஸில் எழும் மெதுவான மின்னலையான தீட்டா அலை ஒன்று எழுந்து விழும் நேரத்துக்குள் ஒவ்வொரு வகையும் தனக்கென்று ஒரு கட்டத்தில் கணத்தாக்கம் விடுகிறது என்பது. ஒரே அலைக்குள் வாசலில் அடக்கல் கூடும் நேரம் வேறு, எட்டக் கிளைகளில் கூடும் நேரம் வேறு.

எட்டக் கிளைகளுக்குப் போகும் ஓ-எல்-எம் என்ற அடக்கும் கலங்கள், ஹிப்போகம்பஸுக்குப் பக்கத்தில் உள்ள என்டோரைனல் புறணியிலிருந்து நேராக வரும் சேதி எவ்வளவு உள்ளே வரலாம் என்பதை ஆளுகின்றன. 2012 இல் ஒளியால் கலங்களை நிறுத்தும் முறையை வைத்து, எலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடைக் கலங்கள் உள்ள பார்வல்புமின் வகையையும் டென்ட்ரைட்டுக்குப் போகும் சோமற்றோஸ்ரட்டின் வகையையும் தனித்தனியாக நிறுத்திப் பார்த்தார்கள். முதலாவதை நிறுத்தியபோது இடக் கலங்களின் கணத்தாக்கம் தீட்டா அலையில் வரும் கட்டம் இடம் மாறியது, இரண்டாவதை நிறுத்தியபோது கணத்தாக்கங்கள் கொத்துக் கொத்தாக வருவது கூடியது. இடக் கலம் என்றால் எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் பேசும் பிரமிட் கலம், ஜோன் ஓகீஃப் 1971 இல் கண்டது, 2014 நோபல் பரிசு அதற்குத்தான், மோசர் தம்பதியோடு சேர்த்து. அது எங்கே பேச வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தூண்டல் சொல்கிறது, எந்தக் கணத்தில், எத்தனை தடவை என்பதில் அடக்கலின் கை பெரியது.

அடக்குபவரை அடக்குபவரும் உண்டு. விஐபி என்ற புரதத்துண்டைச் சுமக்கும் ஒரு பிரிவு மற்ற அடக்கும் கலங்களை மட்டுமே குறிவைக்கிறது. மூளையின் இன்னொரு பகுதியான செப்டத்திலிருந்து வரும் காபாக் கலங்களும் ஹிப்போகம்பஸின் அடக்கும் கலங்களில்தான் போய் முடிகின்றன, தீட்டா தாளம் உள்ளே வரும் முக்கிய வழிகளில் அது ஒன்று. அடக்கலை அடக்கினால் பிரமிட் கலம் விடுபடும், ஆகவே முழுக்க முழுக்க காபாவால் ஒரு கூட்டத்தைப் பேச வைக்கவும் முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நமக்குக் கிட்ட நடந்த வேலை என்பதால். பெங்களூரில் உபிந்தர் பல்லாவின் ஆய்வகம் 2019 இல் வெளியிட்டது. சிஏ3 கலங்களை ஒளியால் விதவிதமான சேர்க்கைகளில் தூண்டி சிஏ1 கலத்துக்கு வந்து சேர்வதை அளந்தார்கள். எந்தச் சேர்க்கையைத் தொட்டாலும் தூண்டலுக்கு ஏற்ற அளவில் அடக்கலும் வந்தது. தூண்டல் பலமாகப் பலமாக அடக்கல் வரும் நேரமும் முந்திக்கொண்டே போனது. அதனால் உள்ளீடு எவ்வளவு கூடினாலும் கலத்தின் பதில் அதே வீதத்தில் கூடாமல் மட்டுப்படுகிறது, உள்ளீட்டின் பலம் கலம் எவ்வளவு விரைவாகப் பதில் சொல்கிறது என்பதற்குள் போய்விடுகிறது. ஏன் வெடிப்பதில்லை என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

---

கிண்ணியா_தாதி எழுதியது:

நான் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். கலங்களைப் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது, ஆனால் இந்தச் சமநிலை குலைந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கிறோம்.

வலிப்போடு கொண்டுவரும் பிள்ளைக்கு முதலில் கொடுப்பது டயசிபாம் போன்ற மருந்து. அது காபா-ஏ ஏற்பியில் காபா இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேறு ஓர் இடத்தில் ஒட்டி, காபா வரும்போது வழி திறக்கும் தடவைகளைக் கூட்டுகிறது. பீனோபாபிற்றோன் வழி திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது. இரண்டுமே இருக்கும் அடக்கலைப் பலப்படுத்தும் மருந்துகள். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: வலிப்பு நீண்டுகொண்டே போனால் கலங்கள் அந்த ஏற்பிகளை சினாப்ஸிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மருந்து ஒட்ட வேண்டிய இடமே மேற்பரப்பில் குறைந்துவிடுகிறது. அதனால்தான் 5 நிமிடத்தைத் தாண்டிய வலிப்பை அவசர நிலை என்கிறோம், நேரத்தோடு கொடுத்தால் கேட்கும் மருந்து பிந்தினால் கேட்பதில்லை. கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகு ஆட்டோ பிடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து வகுப்பில் இதையும் சொல்லுங்கள் ரீச்சர். பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்துக்கு முன்பே புறப்படுங்கள்.

இன்னொன்று, சிறு வயதிலேயே தொடங்கும் கடும் வலிப்பு நோயான ட்ரவே நோய்க்கூட்டம் பற்றி. பெரும்பாலான பிள்ளைகளில் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் பிழை இருக்கும். அது சோடியம் வழி ஒன்றை ஆக்கும் மரபணு, அந்த வழியை அதிகம் நம்பியிருப்பவை அடக்கும் கலங்கள். சோடியம் வழி பழுதானால் தூண்டல் குறைந்து வலிப்பும் குறைய வேண்டும் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும், ஆனால் அடக்கும் கலங்கள் முதலில் ஓய்ந்துவிடுவதால் மொத்த வலையமைப்பும் கட்டவிழ்கிறது. மற்ற வலிப்புகளுக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமாசபீன் இந்தப் பிள்ளைகளில் நிலைமையை மோசமாக்கக் கூடும், காரணம் அதே சோடியம் வழியைத்தான் அதுவும் தடுக்கிறது. இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று நிறுத்துவதே பெரிய வலிப்பைக் கொண்டுவரும். சந்தேகம் இருந்தால் நரம்பியல் கிளினிக்கில் கேளுங்கள்.

---

கொட்பே_கடல் எழுதியது:

தூண்டல் பக்கம் மட்டும் கூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கடலிலிருந்தே ஒரு சம்பவம் இருக்கிறது. 1987 இன் இறுதியில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த மட்டியைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலருக்கு வலிப்பு வந்தது, சிலருக்குப் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமலே போனது. டயற்றம் வகைப் பாசி ஒன்று உண்டாக்கிய டொமோயிக் அமிலம் மட்டிக்குள் சேர்ந்திருந்தது. அது குளூட்டமேற்றைப் போலவே ஏற்பிகளில் ஒட்டி கலத்தை விடாமல் தூண்டும். இறந்தவர்களின் மூளையில் அதிகம் சிதைந்திருந்தது ஹிப்போகம்பஸ். சமைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. கடலுணவு படிக்கும் பிள்ளைகளுக்கும் மூளை படிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லலாம்.

---

மூதூர்_கணினி எழுதியது:

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் கணினியில் காட்டலாம் ரீச்சர். பைதன் மொழியில் ஓடும் பிரையன் என்ற இலவச மென்பொருளில் 800 தூண்டும் கலங்கள், 200 அடக்கும் கலங்கள் என்று ஒரு சிறிய வலையமைப்பைச் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடவிடலாம். கலம் கலமாக வேண்டாம் என்றால் வில்சனும் கோவனும் 1972 இல் எழுதிய சமன்பாடுகள் போதும், தூண்டும் கூட்டத்துக்கு ஒன்று, அடக்கும் கூட்டத்துக்கு ஒன்று, இரண்டே கோடுகள், ஒன்று ஏற மற்றது பின்னால் ஏறி அதை இறக்கும், ஊசலாட்டம் திரையில் தெரியும்.

என் கருத்தில் மாற்றிப் பார்க்க வேண்டிய முதல் எண் காபாவின் விளைவு தேயும் நேரம். அதை நீட்டினால் ஒவ்வொரு நிறுத்தமும் நீளும், தாளம் மெதுவாகும், சுருக்கினால் வேகமாகும். அதன் பிறகு அடக்கும் இணைப்புகளின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டம் வரை பெரிய மாற்றம் தெரியாது, பிறகு சடுதியாக எல்லாக் கலங்களும் ஒன்றாகக் கொட்டத் தொடங்கும். அந்தச் சடுதியைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்க விடுங்கள், எந்த எண்ணில் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

---

பாலையூற்று_அம்மா எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். பிறந்த குழந்தைகளின் மூளையில் காபாவே தூண்டும் என்று ஒரு இடத்தில் வாசித்தேன், உண்மையா? அப்படியென்றால் தாதி அக்கா சொன்ன மருந்துகள் அவர்களுக்கு எப்படி?

---

சாம்பல்தீவுப்_பெடியன் எழுதியது:

உண்மை அக்கா, ஒரு நிபந்தனையோடு. காபா என்ன செய்யும் என்பது கலத்துக்குள் எவ்வளவு குளோரைட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இளம் கலத்தில் குளோரைட்டை உள்ளே கொண்டுவரும் என்கேசிசி1 என்ற காவி (அயன்களைக் காவிச் செல்லும் புரதம்) பலமாக வேலை செய்கிறது, வெளியே தள்ளும் கேசிசி2 இன்னும் வளரவில்லை. ஆகவே காபா வழியைத் திறந்தால் குளோரைட்டு வெளியே ஓடும், கலத்தின் அழுத்தம் மேலே ஏறும். பென்-ஆரியும் சகாக்களும் 1989 இல் பிறந்து சில நாளான எலிக்குட்டிகளின் ஹிப்போகம்பஸில் இதைக் காட்டினார்கள். ஆனால் அழுத்தம் ஏறினால் கட்டாயம் கணத்தாக்கம் வரும் என்று இல்லை, மேலே சொன்ன கசிவு அப்போதும் இருக்கிறது, ஆகவே சில பகுதிகளில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே அடக்கவும் செய்கிறது.

மருந்து விடயத்தில், பச்சிளம் குழந்தைகளின் வலிப்புக்கு இன்றும் முதலில் கொடுப்பது பீனோபாபிற்றோன்தான், கணிசமான குழந்தைகளுக்கு அது போதாமல் போவதற்கு இந்தக் குளோரைட்டும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். என்கேசிசி1 ஐத் தடுக்கும் பியூமெற்றனைட்டைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பியச் சோதனை ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டு 2015 இல் வெளியானது, எதிர்பார்த்த பலன் தெரியவில்லை, சில குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டிருந்தது. அதே காவி உட்காதிலும் வேலை செய்கிறது.

---

உவர்மலை_ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூதூர்த் தம்பி, அந்த 800க்கு 200 நிரல் உங்களிடம் இருந்தால் இங்கேயே போட்டுவிடுங்கள், வகுப்பில் ஒரு மடிக்கணினிதான் இருக்கிறது, புரொஜெக்டரில் போட்டுக் காட்டப்போகிறேன். கேள்வி கேட்ட பிள்ளையையே எண்களை மாற்ற விடுவேன். கிண்ணியாத் தங்கச்சி, நீங்கள் எழுதிய 5 நிமிட விடயத்தை நாளைக்கே பலகையில் எழுதுகிறேன்.